22 பாயிண்ட் போதும்னு யார் சொன்னது?

இந்த ஞாயிறும் ஒரு தம்பி வந்தார். சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் காரை ஆறே சுற்று ஓட்டியிருக்கிறார். முன்டயர் இரண்டிலும் வெளி ஓரம் சைட்வால் (டயரின் பக்கச்சுவர்) எழுத்துவரை தேய்ந்து, கையால் தடவினால் அழிரப்பர் தூள் மாதிரி உதிர்ந்தது. "காலையில காத்து எவ்வளவு வச்சீங்க?" "22 பாயிண்ட் (psi) அண்ணே. காத்தக் குறைச்சா கிரிப் கூடும்னு சொன்னாங்க."

இந்தச் 'சொன்னாங்க' யாரென்று தெரிந்தால் நேரில் போய்ப் பேசிவிட்டு வருவேன்.

காற்று குறைந்தால் டயர் தரையில் கொஞ்சம் அகலமாகப் படியும், சரி. அது நேர்ரோட்டுக் கதை. வளைவில் வண்டியின் பாரம் முழுக்க வெளிப்பக்கம் சாயும்போது சைட்வாலைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்றுதான். அது போதவில்லையென்றால் டயர் ரிம்முக்கு அடியில் மடங்கும், உள்பக்க ட்ரெட் (தரையில் படும் பட்டை) தரையிலிருந்து தூக்கிக்கொள்ளும், வண்டி டயரின் விளிம்பில் நின்று திரும்பும். எந்த கிரிப் கூடியதாம்? ரொம்பக் குறைந்தால் டயரே ரிம்மிலிருந்து கழன்றுகொள்ளும். சந்தேகம் இருந்தால் ட்ரெட்டிலிருந்து சைட்வால்வரை சாக்பீஸில் ஒரு கோடு இழுத்துவிட்டு ஓட்டுங்கள். சைட்வாலில் இருக்கும் சின்ன முக்கோணத்தையும் தாண்டிக் கோடு அழிந்திருந்தால் காற்று போதவில்லை.

குறைப்பதில் பாதி உண்மை உண்டு. ஓட ஓட டயர் சூடாகும், 10 டிகிரிக்கு ஏறக்குறைய ஒன்றரை பாயிண்ட் ஏறும். அதனால் சாதா ரோட் டயர் போட்ட சின்ன காருக்கு ஆறிய டயரில் 29, 30 வைத்து அனுப்புவேன். நாலு சுற்று முடிந்ததும் உள்ளே வரச்சொல்லி, சூட்டோடு அளந்து 34-36க்குள் நிறுத்துவேன். நாலு டயரும் ஒரே மாதிரி ஏறாது. வலது வளைவு அதிகமென்றால் இடப்பக்க டயர்தான் அதிகம் சூடாகும். ஒவ்வொன்றாக அளங்கள். நைட்ரஜன் அடித்தால் ஏறாது என்பவர்களுக்கு: நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூடானால் அதுவும் ஏறும்.

ரிம் விஷயம். பெரிய ரிம் போட்டோவுக்கு அழகு, ட்ராக்கில் பாரம். பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பகுதி) இடிக்காதென்றால் 17 இன்ச் ரிம்மைக் கழற்றிவிட்டு, எடை குறைந்த 15 இன்ச் போடுங்கள். டயர் விலையும் குறையும். எத்தனை கிலோ தாங்கும் என்ற முத்திரை இல்லாத டூப்ளிகேட் அலாய் வேண்டவே வேண்டாம். விரிசல் விட்ட இரண்டு இன்னும் என் கடை மூலையில் கிடக்கின்றன. அலாய்க்கு உரிய நட்டையே போடுங்கள், முதல் ஓட்டம் முடிந்து ரிம் ஆறியதும் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) மறுபடி பாருங்கள்.

சூட்டில் இறக்கிய காற்றை வீட்டுக்குக் கிளம்புமுன் தயவுசெய்து திரும்ப அடித்துவிடுங்கள். ஆறினால் 28க்குக் கீழே நிற்கும். அதோடு பெங்களூர் ஹைவேயில் நூறில் போகிறீர்கள், பின்சீட்டில் குழந்தை.

காற்று அளக்க சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தம்பி 22 வைத்தது பெட்ரோல் பங்க் மிஷினை நம்பி. டயர் ஆறியபின் என் கேஜில் பார்த்தேன், 19.