சொந்த லேப்டாப்போடு பிரவுசிங் சென்டருக்குப் போகிறவர்களுக்கு

ஜியோ வந்த 2016-க்குப் பிறகு, மணிக்கணக்கில் நெட் பார்க்க பிரவுசிங் சென்டருக்கு வருகிற கூட்டம் கரைந்துவிட்டது. திருநெல்வேலியில் பாளையங்கோட்டையிலும் ஜங்ஷன் பக்கமும் மிஞ்சிய கடைகள் ஜெராக்ஸ், ஸ்கேன், ஆன்லைன் விண்ணப்பம் என்று மாறிக்கொண்டன. ஆனால் லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் வருகிறார்கள். ப்ராஜெக்ட் வீடியோ ஏற்ற வேண்டிய மாணவர்கள், ஐப்பசி மழையில் வீட்டு ஃபைபர் அறுந்துபோனவர்கள், சிக்னல் ஒரு புள்ளிக்கு மேல் ஏறாத மலையடிவாரத்து ஊர்க்காரர்கள்.

இவர்களில் பலருக்கு ஹேக்கர் பயம் இருக்கிறது. நடைமுறையில் அதிகம் படுத்துவது வேறு இரண்டு: வீட்டில் திறந்துபோட்டு அப்படியே கொண்டுவந்த ஃபைல் ஷேரிங் (உங்கள் ஃபோல்டரை அதே நெட்வொர்க்கில் மற்றவர்களுக்குக் காட்டும் வசதி), கடையில் மாற்றிவிட்டுத் திருப்பி வைக்க மறந்த ஐ.பி. எண் (நெட்வொர்க்கில் உங்கள் லேப்டாப்பின் முகவரி).

பேங்க் வேலை, 40 எம்.பி. பி.டி.எஃப். மாதிரியானவற்றுக்கு உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டே போதும். சென்டர் நெட் பெரிய ஃபைலுக்கு.

உள்ளே போனதும், "அண்ணாச்சி, லேப்டாப்புல நெட் எடுக்கணும், வயர் குடுப்பியளா, வைஃபையா?" என்று கேட்டுவிடுங்கள். காலியாக இருக்கிற சிஸ்டத்தின் பின்னால் இருந்து நீங்களே வயரைப் பிடுங்காதீர்கள். அந்த சிஸ்டத்தில் நேரம் கணக்கிடும் சாஃப்ட்வேர் ஓடும். நெட்வொர்க் அறுந்தால் கல்லாவில் இருக்கும் கணக்கு குழம்பும்.

வைஃபை என்றால் பெயரைக் கடைக்காரர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதே பெயரில் ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட யாருக்கும் ஒரு நிமிடம் போதும்.

வயர் என்றால் இன்றைய மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் அதைச் சொருகும் லேன் போர்ட்டே இருக்காது. யு.எஸ்.பி. லேன் அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும். யு.எஸ்.பி. 2.0 வகை 100 எம்.பி.பி.எஸ். வரை இழுக்கும், சென்டர் வேகத்துக்கு அது தாராளம். புது அடாப்டரை வீட்டிலேயே ஒருமுறை சொருகிப் பாருங்கள். சில மலிவு அடாப்டர்கள் டிரைவர் (அடாப்டரை இயக்கும் சாஃப்ட்வேர்) கேட்கும்; நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவர் இறக்க நெட் வேண்டும் என்று கடையில் திண்டாட வேண்டியிருக்கும். மாட்டிக்கொண்டால் போனை டேட்டா கேபிளில் இணைத்து போன் நெட்டை லேப்டாப்புக்குத் தரும் 'யு.எஸ்.பி. டெதரிங்' போட்டு இறக்கிக்கொள்ளலாம்.

சென்டர்களில் எட்டு அல்லது பதினாறு போர்ட் ஸ்விட்ச் (லேன் வயர்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி) ஒன்று இருக்கும், எல்லா சிஸ்டமும் அதில்தான் தொங்கும். உங்கள் வயரும் அதில் ஏறியதும் நீங்களும் அந்த வீட்டு ஆள். வீட்டு பிரிண்டருக்காக ஷேர் செய்துவைத்த ஃபோல்டர் பக்கத்து சீட்டுக்காரர் திரையில் போய் எட்டிப்பார்க்கலாம். யாரும் எதையும் கிளிக் செய்யாமலே பரவுகிற வைரஸ்களும் உண்டு. 2017 மே மாதம் வந்த வான்னாக்ரை, விண்டோஸின் ஃபைல் ஷேரிங் ஓட்டை வழியாகத்தான் ஒரே நெட்வொர்க்கில் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராகத் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப்பைப் பழைய விண்டோஸோடு இன்னும் ஓட்டுகிறவர்கள் அதைச் சென்டர் ஸ்விட்சில் மாட்டாமல் இருப்பதே நல்லது.

எனவே வயரைச் சொருகும் முன்பே வெளியில் இருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வால் ஆனில் இருக்கிறதா பாருங்கள், ஃபைல் ஷேரிங்கை அணையுங்கள். சொருகியதும் 'இந்த நெட்வொர்க்கில் மற்றவர்கள் உங்கள் கம்ப்யூட்டரைக் காணலாமா' என்ற பொருளில் விண்டோஸ் கேட்டால், 'நோ'. கேட்காவிட்டாலும் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போய், 'பப்ளிக்' என்பதில் புள்ளி இருக்கிறதா பார்த்துவிடுங்கள். அதே பக்கத்தில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று இருப்பதையும் ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஃபைல் ஏற்றக் காத்திருக்கும் நேரத்தில் விண்டோஸ் தன் அப்டேட்டை இறக்கிக்கொண்டிருக்கும், காசு உங்களுடையது.

சொருகியும் நெட் வரவில்லையா? முதலில் போர்ட் ஓரத்து விளக்கைப் பாருங்கள். எரியவில்லை என்றால் வயர்தான். பெரும்பாலும் பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்த முனையாக இருக்கும். மேஜை அசைந்தாலே கழன்றுவிடும். விளக்கு எரிகிறது, நெட் இல்லை என்றால் கமாண்ட் பிராம்ப்ட்டில் (ஸ்டார்ட் மெனுவில் cmd என்று தேடினால் வரும்) 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கட்டளையை அடியுங்கள். ஐ.பி. எண் 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் உங்களுக்கு எண் கொடுக்கவில்லை, லேப்டாப் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். தானாக எண் கொடுப்பதைக் கடையில் அணைத்திருக்கலாம்; வந்துபோன போன்கள் எல்லாம் வாங்கிப் போனதில் ரவுட்டரின் எண் கையிருப்பு தீர்ந்தும் இருக்கலாம். இரண்டாவது என்றால் ரவுட்டரை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். முதலாவது என்றால் கடைக்காரர் ஓர் எண்ணைச் சொல்லி அடிக்கச் சொல்வார்.

அங்கே கவனம் வேண்டும். 192.168.1.15 என்று சொன்னால், அது எந்த சிஸ்டத்துக்கும் கொடுக்காத எண்தானா என்று கேளுங்கள். அணைத்துக் கிடக்கும் மூன்றாம் சீட்டின் எண்ணாக இருந்தால் உங்களுக்கு நெட் ஜம்மென்று வரும். பிறகு யாரோ வந்து மூன்றாம் சீட்டை ஆன் செய்ததும் மோதல் ஆரம்பம்: ஒருவருக்கோ இருவருக்குமோ நெட் போகும், உங்கள் அப்லோடு 92 சதவீதத்தில் அறுந்து நிற்கும். எண்ணை அடிக்கும் முன், அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது ஐ.பி., டி.என்.எஸ். (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் அமைப்பு) இரண்டையும் திரும்ப 'ஆட்டோமேட்டிக்' ஆக்க வேண்டும். கடையில் ப்ராக்ஸி (நெட்டுக்கு இடையில் நிற்கும் கம்ப்யூட்டரின் முகவரி) போட்டிருந்தால் அதையும் எடுக்க வேண்டும். 'சென்டரில் வேலை செய்தது, வீட்டுக்கு வந்தால் நெட்டே வரமாட்டேங்குது' என்று சர்வீஸுக்கு வருகிற லேப்டாப்பில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பிரவுசரில் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று சிவப்பு எச்சரிக்கை வந்தால், உடனே கடை மேல் சந்தேகப்படாமல் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் மதர்போர்டின் சின்ன பேட்டரி செத்திருந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ் எதுவும் அந்தத் தேதிக்குப் பொருந்தாது. தேதி சரியாக இருந்தும் மெயிலுக்கோ பேங்குக்கோ எச்சரிக்கை வருகிறதா? தாண்டிப் போகாதீர்கள். வயரைக் கழற்றுங்கள்.

சார்ஜர் விஷயம் கொஞ்சம். லேப்டாப்பின் உலோக உடலில் கை பட்டால் 'சுள்' என்று ஊர்கிறதா? மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் சொருகியிருப்பார்கள், அல்லது அந்த பிளக் பாயிண்டுக்கு எர்த் இருக்காது. சார்ஜருக்குள் இரைச்சலை வடிக்கும் கப்பாசிட்டரின் கசிவு போக வழியில்லாமல் உடலுக்கு வருகிறது. மிகச் சிறிய மின்னோட்டம்தான், ஆனாலும் வேறு பாயிண்டுக்கு மாறுங்கள். கடையின் யு.பி.எஸ்.ஸில் கேட்காமல் சொருக வேண்டாம். கரண்ட் போன நேரத்தில் உங்கள் சார்ஜரின் 65 வாட் சேர்ந்தால் பக்கத்து சிஸ்டம் சீக்கிரம் அணையும். இடி இடிக்க ஆரம்பித்தால் லேன் வயரையும் சார்ஜரையும் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். மொட்டை மாடி வழியாகத் தாமிர வயர் இழுத்த கடை என்றால் மின்னல் முதலில் சுடுவது லேன் போர்ட்டை.

பிரிண்ட் வேண்டுமென்றால் அந்த ஒரு பி.டி.எஃப். மட்டும் இருக்கிற பென்டிரைவைக் கொடுங்கள். திரும்பி வந்ததும் ஸ்கேன் செய்யாமல் திறக்காதீர்கள். ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் அது வைரஸ் வேலை, கிளிக்கே வேண்டாம்.

கடைசியாக, கடை நோட்டு. 2011-இல் வந்த சைபர் கஃபே விதிகளின்படி பெயர், முகவரி, அடையாள அட்டை விவரம், வந்த நேரம், போன நேரம் எல்லாம் பதிய வேண்டும். குறைந்தது ஓர் ஆண்டு வைத்திருக்க வேண்டும். அடையாளத்துக்குக் கல்லூரி அட்டை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை எதுவும் செல்லும். ஆதார் ஜெராக்ஸ்தான் வேண்டும் என்று விதியில் இல்லை. கடைக்குள் ஆளுக்கொரு எண் இருந்தாலும், வெளி உலகத்துக்குக் கடையில் இருக்கிற எல்லாரும் ஒரே ஐ.பி.தான். அந்த ஐ.பி.யில் இருந்து யாராவது ஏதாவது செய்து விசாரணை வந்தால், யார் எப்போது உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கு அந்த நோட்டுதான் சாட்சி. கடை சிஸ்டத்துக்காவது சாஃப்ட்வேர் நேரம் குறிக்கும், உங்கள் லேப்டாப்புக்குக் குறிக்காது. காசு கொடுத்துவிட்டு இறங்கும் முன், "போற நேரத்தையும் எழுதிருங்க அண்ணாச்சி" என்று நின்று எழுதவைத்துவிட்டுப் போங்கள்.