ராயல் ஜெல்லி ரகம்: ராணியை வாங்கும் முன் கணக்குப் பாருங்கள்

ராயல் ஜெல்லி என்பது ராணியாக வளரும் புழுவுக்குத் தேனீக்கள் ஊட்டும் பால் போன்ற கூழ். "ஜெல்லி அதிகம் தரும் ரகம்" என்று கூடுதல் விலைக்கு ராணி வாங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஜெல்லியைச் சுரப்பது ராணி அல்ல. அதன் மகள்களான இளம் செவிலித் தேனீக்கள், ஏறத்தாழ 5 முதல் 15 நாள் வயதுள்ளவை. புது ராணியைக் கூட்டில் விட்ட இரண்டாம் வாரமே ஜெல்லியை எடுத்து எடைபோட்டால், நீங்கள் சோதித்தது பழைய ராணியின் பிள்ளைகளை. 7, 8 வாரமாவது பொறுங்கள்.

ரகத்தால் விளைச்சல் மாறுவது உண்மைதான். சீனாவின் செஜியாங் மாகாணத்தில் இத்தாலியத் தேனீயிலிருந்தே அதிகம் சுரக்கும் கூட்டங்களைப் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினார்கள். சாதாரண இத்தாலியக் கூட்டம் ஆண்டுக்கு 2, 3 கிலோ தரும். அப்படிப் பெருக்கியவை 10 கிலோவும் அதற்கு மேலும் தருகின்றன. நம் அடுக்குத் தேனீயை இதற்கு இழுக்க வேண்டாம். அதன் கூட்டம் சிறியது, ஜெல்லியும் சொற்பம்.

ஒப்பிடும்போது எல்லாப் பெட்டியிலும் தேனீ, மகரந்தம், சர்க்கரைப் பாகு ஒரே அளவில் இருக்கட்டும். ஜெல்லி எடுக்க, இளம் புழுக்களைச் செயற்கை ராணிக் கிண்ணங்களில் வைப்போம்; தேனீக்கள் அவற்றில் ஜெல்லியை நிரப்பும். அந்தப் புழுவையும் ஒரே தாய்க் கூட்டத்திலிருந்து எடுங்கள். வயது 24 மணி நேரத்துக்குள். அந்த வயதில் அது பாலில் மிதக்கும் சின்ன வளைவுதான். ஊசியை வளைவின் முதுகுப்பக்கமாக நுழைத்து, அடியிலுள்ள கூழோடு சேர்த்துத் தூக்குங்கள். புரண்டுவிட்டால் அதை வைக்காதீர்கள். மேல்பக்க மூச்சுத் துளைகள் கூழில் மூழ்கிப் புழு செத்துவிடும், தேனீக்கள் இழுத்துப் போட்டுவிடும். அந்தத் தவறு ரகத்தின் தலையில் விழும்.

எல்லாப் பெட்டியிலும் புழுவை வைத்த 68 முதல் 72 மணி நேரத்துக்குள் ஜெல்லியை எடுத்துவிடுங்கள். தாமதித்தால் புழு தின்று கொழுக்கும், கூழ் குறையும்.

பலர் ஏமாறுவது கிண்ணத்தைப் பார்த்துத்தான். 60 கிண்ணத்தில் 30-ஐ மட்டும் ஏற்று ஜெல்லி நிரப்பிய கூட்டத்தில் ஒவ்வொன்றிலும் 300 மில்லிகிராம் ததும்பி நிற்கும். மொத்தம் 9 கிராம். 48 ஏற்ற கூட்டத்தில் 250தான் இருக்கும், மொத்தமோ 12 கிராம். ஏற்ற கிண்ணங்களை எண்ணாமல் எந்த ரகத்தையும் புகழாதீர்கள்.

எடையோடு தரத்தையும் பாருங்கள். ராயல் ஜெல்லிக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 12824-இன்படி, அதற்கே உரிய கொழுப்பு அமிலமான 10-எச்.டி.ஏ. குறைந்தது 1.4 சதவீதம் வேண்டும். அதிகம் சுரக்கும் ரகங்களில் இது குறையும் போக்கு உண்டு, ஆகவே ஆய்வக அறிக்கை கேளுங்கள்.

நல்ல ராணியே கிடைத்தாலும் அதன் மகள் ராணிகள் வெளியே பறந்து பத்துக்கும் மேற்பட்ட ஆண் தேனீக்களோடு கூடித் திரும்பும். சுற்றிலும் வேறு ரக ஆண்கள் இருந்தால் இரண்டு, மூன்று தலைமுறையில் அந்தக் குணம் கரைந்துவிடும். அதே ரகத்து ஆண் தேனீக்கள் நிறைந்த கூட்டங்களைப் பக்கத்தில் வைக்க முடியாதவர்கள், ராணியைத் திரும்பத் திரும்ப வாங்கும் செலவையும் கிலோ விலையில் சேர்த்துப் பாருங்கள்.