பிளக்கை மாற்றுவதற்கு முன்னால்

காரைக்குடியில் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி என்னிடம் கொண்டுவருபவர்கள் அதிகம் சொல்லும் குறை, "மிஸ் அடிக்குதுண்ணே" என்பதுதான். நிறுத்தி வைத்திருக்கும்போது ஸ்டியரிங் உதறும். மேட்டில் பிக்கப் இருக்காது. சைலன்சரில் சத்தம் விட்டு விட்டு வரும். ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். எரிவதற்கு நேரத்துக்குத் தீப்பொறி வேண்டும், பெட்ரோலும் காற்றும் அளவாக வேண்டும், அந்தக் கலவையைச் சிலிண்டருக்குள் அழுத்தும் கம்ப்ரெஷன் வேண்டும். இதில் எது குறைந்தாலும் சத்தம் ஒன்றுதான். அதனால்தான் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கை மாற்றுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

போன ஐப்பசியில் பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி வந்தார். பிள்ளைகள் சென்னையில். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்வர ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மாதத்தில் நாலு நாள் ஓடினால் அதிகம், மற்ற நாளெல்லாம் பின்கட்டுக் கொட்டகையில் நிற்கும். ஏற்கெனவே ஓரிடத்தில் நான்கு பிளக்கும், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலில் இரண்டும் மாற்றி, அடுத்து பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"மாத்த மாத்த அப்படியேதான் இருக்கு தம்பி. வண்டியவே வித்துரலாமா?"

"ஒரு நாள் விட்டுட்டுப் போங்க ஆச்சி, பார்த்துட்டுச் சொல்றேன்."

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பி0303 என்ற கோளாறு எண் வந்தது. கடைசி எண்தான் சிலிண்டர். இன்ஜினின் கிராங்க் தண்டு சுற்றும் வேகம் எந்த இடத்தில் தொய்கிறது என்று பார்த்துக் கம்ப்யூட்டர் இதைச் சொல்கிறது. மூன்றாவது சிலிண்டரில் கோளாறு என்று சொல்லுமே தவிர, எதனால் என்று சொல்லாது. அதை நாம்தான் தேட வேண்டும்.

மூன்றாவது காயிலைக் கழற்றி ஒன்றாவதில் போட்டேன், அதை இதில் போட்டேன். ஸ்கேனரில் அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஓட்டினேன். காயில் கெட்டிருந்தால் கோளாறும் கூடவே நகர்ந்து பி0301 என்று வரும். வரவில்லை, அதே 0303. பிளக்கையும் அப்படியே இடம் மாற்றிப் பார்த்தேன், நகரவில்லை. இதுவரை பத்துப் பைசா செலவில்லை என்பதைக் கவனியுங்கள். கம்ப்ரெஷன் நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு. மிச்சம் பெட்ரோல்தான்.

நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜெக்டர் மேல் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டினேன். மற்ற மூன்றிலும் 'டிக் டிக்' என்று சீராக வந்தது. மூன்றாவதில் விட்டு விட்டு வந்தது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், மேனிஃபோல்டு என்ற குழாய்த் தொகுதிக்கு அடியில் எலி கடித்திருந்தது. ஓர் அங்குலத்துக்கு உறையே இல்லை, உள்ளே இரண்டு மூன்று கம்பி இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கொஞ்சம் உமி, துணிக் கிழிசல். இன்ஜின் அதிரும்போதெல்லாம் இழை தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது. அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புது ஒயர் சேர்த்து, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டேன். கண்டுபிடிக்க அரை நாள், சரிசெய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

நம் பக்கத்தில் பூட்டிய வீடுகளில் நிற்கும் வண்டிகள் நிறைய. ஊருக்கு வந்ததும் சாவியைப் போடாதீர்கள், முதலில் பானெட்டைத் திறந்து பாருங்கள்.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டுங்கள். விட்டு விட்டு மின்னினால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும், உள்ளிருக்கும் தேன்கூடு போன்ற பாகம் உருகிப்போகும். தேவகோட்டையிலிருந்து மின்ன மின்ன ஓட்டிக்கொண்டு வந்தவர் ஒருவர். காயிலோடு முடிந்திருக்க வேண்டிய வேலை கன்வெர்ட்டர் வரை போய்விட்டது.

வாங்கப் போகிறவர்கள், நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். சூடேறிய பிறகு அடங்கிவிடும் மிஸ்ஸிங்கும் உண்டு. சாவியைப் போட்டதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன், செக் இன்ஜின் விளக்கு ஒருமுறை எரிய வேண்டும். எரியாவிட்டால் யாரோ அதைப் பிடுங்கி வைத்திருக்கலாம். ஸ்கேனரில் கோளாறு எண் எதுவும் இல்லை என்பதாலேயே நம்பிவிடாதீர்கள். வண்டிக் கம்ப்யூட்டரின் சுயபரிசோதனைகள் பலவும் முடியவில்லை என்று காட்டினால், அண்மையில் கோளாறு எண்ணை அழித்திருக்கலாம், இல்லை பேட்டரியைக் கழற்றியிருக்கலாம்.

ஆச்சி வண்டியில் முன்பு கழற்றிய இரண்டு காயில்களும் டிக்கியில் கிடந்தன. மாட்டி ஓட்டிப் பார்த்தேன், இரண்டுமே நன்றாக வேலை செய்தன. துணியில் சுற்றி ஆச்சி கையில் கொடுத்து, பத்திரமாக வைத்திருக்கச் சொன்னேன்.