டெட்ராட்ராக்ம்னா என்ன? தமிழ்ல எப்படி சொல்றது?

பழைய கிரேக்கக் காசு சேர்க்க ஆரம்பிச்சா முதல்ல கண்ணுல படுற சொல்லே இதுதான். ஏல கேட்டலாக்கைத் திறந்தா 'ஏதென்ஸ், ஏஆர் டெட்ராட்ராக்ம்'னு போட்டு பக்கத்துல எடையும் இருக்கும். ஏஆர்ங்கறது அர்ஜென்டம், லத்தீன்ல வெள்ளி. தங்கம்னா ஏவினு போடுவாங்க, தங்கமும் வெள்ளியும் கலந்த எலக்ட்ரம்னா ஈஎல். இதெல்லாம் ஒரு நாள்ல பழகிடும். ஆனா டெட்ராட்ராக்ம்ங்கற பேர் அப்படி இல்ல, அதைப் பிரிச்சுப் பாத்தாதான் அந்தக் காசோட கணக்கே புரியும்.

டெட்ரானா கிரேக்கத்துல நாலு. ட்ராக்ம்னா டிராக்மா. அப்ப நாலு டிராக்மா மதிப்புள்ள ஒரே காசு, அவ்வளவுதான். இதே கணக்குல ரெண்டுன்னா டைட்ராக்ம், பத்துன்னா டெக்காட்ராக்ம். சரி, டிராக்மானா என்ன? கையால இறுக்கிப் பிடிக்கிறதுக்கு கிரேக்கத்துல ஒரு வினைச்சொல் இருக்கு, அதுல இருந்து வந்தது, அதாவது 'ஒரு கைப்பிடி'. எதோட கைப்பிடின்னா, இரும்புக் கம்பியோட. கறி சுடுற நீளக் கம்பிக்கு ஒபெலோஸ்னு பேரு. காசு வர்றதுக்கு முன்னாடி அந்தக் கம்பியே பணம் மாதிரி கைமாறிட்டு இருந்துச்சு, ஒரு கையில பிடிக்கிற ஆறு கம்பி சேந்தா ஒரு டிராக்மா. பின்னாடி வெள்ளிக் காசு வந்தப்பவும் பழைய பேர் போகல, சின்னக் காசுக்கு ஒபோல்னு பேராச்சு, ஆறு ஒபோல் ஒரு டிராக்மாங்கற கணக்கும் அப்படியே நின்னுடுச்சு. இது வெறும் கதை இல்ல, ஆர்கோஸ் பக்கத்துல ஹீரா கோயில்ல தோண்டினப்போ அந்த மாதிரி இரும்புக் கம்பிங்க கட்டா கிடைச்சுது, இப்ப ஏதென்ஸ்ல இருக்கிற நாணய அருங்காட்சியகத்துல வெச்சிருக்காங்க.

மேல போனா 100 டிராக்மா ஒரு மினா, 60 மினா ஒரு டேலன்ட். இந்த டேலன்ட் தமிழ் கிறிஸ்தவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச சொல்தான், வேதாகமத்துல வர்ற தாலந்து இதேதான்.

மதிப்பு எவ்வளவுன்னு கேட்டா, கி.மு. 5-ம் நூற்றாண்டு கடைசியில ஏதென்ஸ்ல எரெக்தியோன் கோயில் கட்டின கணக்கைக் கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க, அதுல தொழிலாளிக்கு நாள் கூலி ஒரு டிராக்மா. அப்ப ஒரு டெட்ராட்ராக்ம் நாலு நாள் கூலி. நீதிமன்றத்துல ஜூரியா உக்காந்தா முதல்ல ரெண்டு ஒபோல், அப்புறம் மூணு ஒபோலா ஏத்தினாங்க. ஒபோல் ரொம்பப் பொடி, ஏதென்ஸ் காசுல 0.72 கிராம்தான் வரும். பாக்கெட் கிடையாது, அதனால கடைத்தெருவுக்குப் போறவங்க சில்லறையை வாய்க்குள்ள அடக்கிட்டுப் போவாங்க. செத்தவங்க வாயில ஒரு ஒபோல் வெக்கிற வழக்கமும் இருந்துச்சு, செத்தவங்களைப் பாதாள ஆத்தைக் கடத்தி விடுற படகோட்டி கேரோனுக்குக் கூலி.

சேகரிக்கிறவங்க கவனிக்க வேண்டியது இங்கதான். டிராக்மாங்கறது காசோட பேரா ஆகறதுக்கு முன்னாடியே ஒரு எடை. நம்ம ஊர்ல கழஞ்சு எப்படி முதல்ல கழற்சி விதையா இருந்து, அப்புறம் எடையாகி, அப்புறம் பொன் கணக்காச்சோ அதே வழிதான். எடைங்கறதால ஊருக்கு ஊர் மாறும். ஏதென்ஸ் டிராக்மா சுமார் 4.3 கிராம், அதனால அவங்க டெட்ராட்ராக்ம் 17.2 கிராம் பக்கத்துல நிக்கும். ஏஜினா தீவோட டிராக்மா 6 கிராமுக்கு மேல. கொரிந்துல 2.9 கிராம்தான். அலெக்ஸாண்டரோட அப்பா ரெண்டாம் பிலிப் அடிச்ச வெள்ளி டெட்ராட்ராக்ம் 14.4 கிராம், மகன் வந்து ஏதென்ஸ் எடைக்கு மாத்தி 17.2 ஆக்கினார், அவர் படை போன தூரத்துக்கு அந்த எடையும் போச்சு. எகிப்துல அலெக்ஸாண்டரோட தளபதியா இருந்து ராஜாவான டாலமி மறுபடியும் குறைச்சு 14 கிராம் பக்கத்துக்கு கொண்டுவந்தார். அதனால டெட்ராட்ராக்ம்னு மட்டும் சொன்னா பாதி விஷயம்தான் சொன்ன மாதிரி, எந்த ஊர் எந்த ராஜான்னு சேத்துச் சொன்னாதான் எடை சரியா தப்பான்னே பேச முடியும். ஸ்டேட்டர்ங்கற பேர் இன்னும் குழப்பும், அதுக்கு அர்த்தமே எடைதான், அந்தந்த ஊரோட பெரிய காசுக்கு அந்தப் பேர். ஏஜினாவுல ரெண்டு டிராக்மா ஒரு ஸ்டேட்டர், கொரிந்துல மூணு, ஏதென்ஸ்ல நாலு.

ஜனங்க இந்த கணக்குப் பேரெல்லாம் சொல்லிட்டு இருக்கல, காசு மேல இருக்கிற படத்தை வெச்சே கூப்பிட்டாங்க. ஏஜினா காசு ஆமை, கொரிந்து காசு பெகாசஸ்ங்கற சிறகு வெச்ச குதிரை இருக்கிறதால குதிரைக்குட்டி, ஏதென்ஸ் காசு ஆந்தை. பன்றி உருவம் போட்ட காசு இங்க வராகன் ஆன மாதிரி. இருக்கிற இடத்துக்கே கொண்டுபோறதை 'ஏதென்ஸுக்கு ஆந்தை கொண்டுபோறது'ன்னு கிரேக்கர்கள் சொல்லுவாங்க, நம்ம கொல்லர் தெருவுல ஊசி விக்கிறதுதான் அது.

அந்த ஆந்தைக் காசைக் கையில எடுத்துப் பாக்கணும். நம்ம 10 ரூபா காசு 27 மில்லிமீட்டர் அகலம், 7.71 கிராம். ஆந்தை அதை விட அகலத்துல கொஞ்சம் சின்னது, ஆனா எடை ரெண்டு மடங்குக்கு மேல, உள்ளங்கையில வெச்சதும் அந்த கனம் தெரியும். முன்பக்கம் அதீனா தேவி தலைக்கவசத்தோட, முகம் பக்கவாட்டுல திரும்பி இருக்கும், ஆனா பழைய பாணி காசுல கண்ணு மட்டும் நேரா நம்மளப் பாக்கும். பின்பக்கம் ஒரு சின்ன சதுரக் குழிக்குள்ள ஆந்தை, ரெண்டு பெரிய வட்டக் கண்ணு, மூலையில ஒலிவ இலை, சின்னப் பிறை, வலது பக்கம் ஆல்ஃபா தீட்டா எப்சிலான்னு மூணு எழுத்து, ஏதென்ஸ் மக்களோடதுன்னு அர்த்தம். வெள்ளி லாரியோன் சுரங்கத்துல இருந்து வந்தது, கி.மு. 483 வாக்குல அங்க கிடைச்ச வெள்ளியில கப்பல் கட்டலாம்னு ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோகிளீஸ் மக்களைச் சம்மதிக்க வெச்சார், அந்தக் கப்பல்தான் அப்புறம் சலாமிஸ் கடற்போர்ல பாரசீகப் படையை ஜெயிச்சுது. நிறைய ஆந்தையில குறுக்கால ஆழமா ஒரு வெட்டு இருக்கும். அதைப் பாத்து சேதம்னு ஒதுக்கிட வேண்டாம், உள்ள செம்பு வெச்சு மேல வெள்ளி பூசியிருக்கான்னு அந்தக் காலத்து வியாபாரியே உளியால வெட்டிப் பாத்த தடம் அது. எனக்கு வெட்டு விழாத காசை விட வெட்டு விழுந்த காசு மேலதான் ஆசை அதிகம், அது நிஜமா ஊர் சுத்தி வந்த காசு.

தங்கத்துல ஏதென்ஸ் பக்கம் ரொம்பக் குறைவு. ஸ்பார்ட்டாவோட நடந்த பெலபொனீசியப் போர் கடைசியில வெள்ளி வர்ற வழி அடைபட்டப்போ வெற்றி தேவதை நைகியோட சிலைகள் மேல இருந்த தங்கத்தை உருக்கி காசு அடிச்சாங்க. தங்க ஸ்டேட்டர் தாராளமா வந்தது பிலிப், அலெக்ஸாண்டர் காலத்துலதான், சுமார் 8.6 கிராம். இருக்கிறதுலயே பெரிசு பாக்ட்ரியாவை (இப்ப ஆப்கானிஸ்தான் பக்கம்) ஆண்ட கிரேக்க ராஜா யூக்ரடைடீஸ் அடிச்ச 20 ஸ்டேட்டர் தங்கக் காசு, 169 கிராம், இப்ப பாரீஸ் தேசிய நூலகத்துல இருக்கு.

இந்த டிராக்மாங்கற சொல் போன தூரம் அதிகம். பாரசீகத்துல த்ரஹ்ம், அரபியில திர்ஹம். துபாய்ல வேலை பாக்கிறவங்க மாசாமாசம் வாங்கற திர்ஹம் இந்தக் கைப்பிடிக் கம்பிதான். இந்தியாவுக்கு வந்தும் கிரேக்க ராஜாக்கள் இந்தக் காசை அடிச்சாங்க, மினாண்டர் காசுல ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் கரோஷ்டி எழுத்துல பிராகிருதம், எடை குறைச்சு 2.45 கிராம். அப்பலோடோட்டஸ், மினாண்டர் பேர் போட்ட பழைய டிராக்மா கி.பி. 1-ம் நூற்றாண்டுலயும் பரூச் துறைமுகத்துல புழங்கிட்டு இருந்ததா கிரேக்க வணிகர் ஒருத்தர் எழுதின கடல்வழிக் குறிப்புல இருக்கு. சமஸ்கிருதத்துல த்ரம்ம, அதுல இருந்து ஹிந்தியில விலைக்குச் சொல்ற தாம். தமிழ்க் கல்வெட்டுல திரமம். ஆமா, பாண்டியர் காலத்துக் கல்வெட்டுல திரமம்னு காசு பேரே வருது. அது ஏதென்ஸ் காசு இல்ல, இங்க புழங்கின வேற காசு, ஆனா சொல் அதேதான்.

(தமிழ்நாட்டுல யவனர் காசுன்னு கரூர், கோயம்புத்தூர் பக்கம் புதையலா கிடைக்கிறதுல பெரும்பாலும் ரோமானியக் காசு, டினாரியஸ்ங்கற வெள்ளிக் காசும் ஆரியஸ்ங்கற தங்கக் காசும். அதை கிரேக்கக் காசுன்னு எழுதறது தப்பு.)

அதனால டிராக்மாவுக்கு புதுசா ஒரு தமிழ்ச்சொல் செய்யறது எனக்கு உடன்பாடு இல்ல, திரமம் ஏற்கனவே நம்ம சொல். டெட்ராட்ராக்ம்னா நாலு திரமக் காசு, டெக்காட்ராக்ம்னா பத்துத் திரமக் காசு. சிலர் 'நாற்பணம்'னு எழுதலாமேன்னு கேக்கறாங்க. வேண்டாம்ங்க. பணம்ங்கறது இங்க அரை கிராம் கூட வராத குட்டித் தங்கக் காசோட பேரு, அதைப் போய் 17 கிராம் வெள்ளிக்கு வெச்சா ரெண்டும் கெட்டுப்போகும். பழைய வேதாகமத்துல மீன் வாயில கிடைக்கிற காசை வெள்ளிப்பணம்னு மொழிபெயர்த்திருக்காங்க, கிரேக்க மூலத்துல அது ஸ்டேட்டர், கோயில் வரி ஆளுக்கு ரெண்டு திரமம்னா இயேசு, பேதுரு ரெண்டு பேருக்கும் நாலு. கதைக்கு வெள்ளிப்பணம் போதும், சேகரிக்கிறவங்களுக்கு பத்தாது. ஸ்டேட்டருக்கு நிறைகாசுன்னு சொன்னா பொருந்தும்னு நினைக்கிறேன், நிறைனா எடைதானே. நியூமிஸ்மேட்டிக்ஸுக்கு நாணயவியல்னு நல்ல சொல் இருக்கு, அதுல இன்னொரு அழகும் இருக்கு. நாணயம்ங்கற சொல் நாணகங்கற வடசொல்ல இருந்து வந்தது, அதுவே குஷாணர் காசுல கிரேக்க எழுத்துல பேர் பொறிச்சிருக்கிற நானா தேவியால வந்திருக்கலாம்னு ஒரு கருத்து உண்டு.

வாங்கறவங்களுக்கு கடைசியா ஒண்ணு. எடை சரியா இருந்தா மட்டும் நிஜம்னு ஆகாது. 1988 வாக்குல கருங்கடல் புதையல்னு சந்தைக்கு வந்த ரெண்டு ஒபோல் காசுங்க எல்லாம் போலின்னு முடிவாச்சு, பெரிய பெரிய நிபுணர்களே முதல்ல நல்லதுன்னு சொன்ன காசு. திருட்டுத்தனமா தோண்டினதும் வரும். 1984-ல துருக்கியில எல்மாலி பக்கத்துல 1,900 காசு வரைக்கும் கிடைச்சு, அதுல பத்துக்கு மேல ஏதென்ஸ் டெக்காட்ராக்ம், வெளிநாட்டுக்கு கடத்தி வித்து, வழக்கு நடந்து 1999-லதான் துருக்கிக்குத் திரும்பிச்சு. இந்தியாவுலயும் 100 வருஷம் தாண்டின காசு 1972 சட்டப்படி தொல்பொருள், தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. காசோட வெக்கிற சீட்டுல ஊர், நாலு திரமக் காசுங்கற பேர், வெள்ளியா தங்கமா, எடை, யார்கிட்ட இருந்து எந்த வருஷம் வந்தது, அவங்களுக்கு முன்னாடி யார்கிட்ட இருந்துச்சு, இவ்வளவும் எழுதி பில்லையும் சேத்து வெச்சுக்கோங்க.