அச்சை விட்டு வெளியே வர வேண்டிய சிற்பம்

ஜப்பானில் அனிமே படங்கள், மாங்கா சித்திரக்கதைகளின் பாத்திரங்களுக்கு ஃபிகர் என்னும் சிறு பொம்மை செதுக்கும் சிற்பியை ‘கென்கெய்ஷி’ என்கிறார்கள். மூல உருவம் செய்பவர் என்று பொருள். அவர் கையில் உருவாகும் சிற்பம் ரசிகர் வீட்டு அலமாரிக்குப் போவதில்லை. அதை வைத்து அச்சு செய்வார்கள். அந்த அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் பிளாஸ்டிக் பிரதிகள் வரும். ஆகவே அவர் செதுக்கும் ஒவ்வொரு முடிக்கற்றையும் ஒவ்வொரு துணி மடிப்பும் ஒரு கேள்வியைத் தாண்டியாக வேண்டும்: அச்சும் சேதமாகாமல், தானும் கிழியாமல், இது வெளியே வருமா?

முதலில் அளவு. 160 செ.மீ. உயரமுள்ள பாத்திரம் 1/8 அளவில் 20 செ.மீ., 1/7 அளவில் சுமார் 23, 1/6 அளவில் ஏறக்குறைய 27 செ.மீ. வரும். உயரம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் 1/8-லிருந்து 1/6-க்குப் போனால் கன அளவு 2.4 மடங்காகிவிடும். பிளாஸ்டிக், பெட்டி, கப்பல் கட்டணம் எல்லாம் கூடவே ஏறும். இன்னொரு பக்கம், 1 மி.மீ. கனமுள்ள பாவாடைத் துணியை 1/7-க்குச் சுருக்கினால் 0.14 மி.மீ. ஆகும். உருகிய பிளாஸ்டிக் அவ்வளவு மெல்லிய இடைவெளியில் பாயாது. பாதி வழியிலேயே உறைந்து நின்றுவிடும். அதனால் பாவாடையை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் செய்துவிட்டு, கீழ் ஓரத்தை மட்டும் உள்பக்கமாகச் சீவி மெல்லியதாக்குவார்கள். நம் கண் துணியின் கனத்தை அதன் ஓரத்தைப் பார்த்தே கணக்கிடுகிறது என்பதால் முழுத் துணியும் மெல்லியதாகத் தோன்றும்.

முகம் தனிச் சிக்கல். பக்கவாட்டு முகம் வரையும் ஓவியர் பல நேரம் வாயைக் கன்னத்துப் பக்கம் தள்ளி வரைந்திருப்பார். அதே பாத்திரத்தின் நேர்முகத்தில் வாய் நடுவில் இருக்கும். இரண்டையும் ஒரே திடப்பொருளில் கொண்டுவர முடியாது. சிற்பி ஒரு கோணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலும் நேர்முகத்துக்கும் பக்கவாட்டுக்கும் இடைப்பட்ட கோணம். அந்தக் கோணத்தில் பாத்திரத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தால்தான் மற்றவை. இந்த ஒரு முடிவை எந்த மென்பொருளும் எடுத்துத் தராது.

பழைய முறையில் அலுமினியக் கம்பியால் எலும்புக்கூடு கட்டி, அதன்மேல் பாலிமர் களிமண்ணை அப்புவார்கள். அந்தக் களிமண்ணே பிவிசி தூளும் பிளாஸ்டிசைசர் என்னும் நெகிழ்வூட்டியும் கலந்த கலவைதான். அடுப்பில் 130 டிகிரி செல்சியஸில், ஒவ்வொரு 6 மி.மீ. கனத்துக்கும் 15 நிமிடம் வைத்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். உள்ளே காற்று அடைபட்டிருந்தால் கொப்புளமும் வெடிப்பும் வரும். சூடு மிஞ்சினால் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். அடுப்பின் வெப்பமானியை நம்பாமல் தனி வெப்பமானி வைப்பது அதனால்தான்.

இன்று பலர் ஸீபிரஷ் போன்ற மென்பொருளில் செதுக்கி, 405 நானோமீட்டர் ஒளியில் இறுகும் ரெசின் என்னும் திரவப் பிசினில் 0.05 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய அடுக்குகளாக முப்பரிமாணத்தில் அச்சிடுகிறார்கள். உள்ளே குடைவாக அச்சிட்டால் குறைந்தது இரண்டு வடிதுளைகள் வேண்டும். உள்ளே தங்கிவிட்ட ஈர ரெசின் சில மாதம் கழித்துச் சுவரை வெடிக்க வைக்கும். அடுக்குக் கோடுகளை 400, 600, 800 எண் உப்புத்தாள்களால் தேய்த்து, சாம்பல் நிற பிரைமர் என்னும் முதல்பூச்சு அடித்தால்தான் மிச்சமிருக்கும் பள்ளம் கண்ணில் படும். திரையில் வழுவழுப்பாகத் தெரிந்த கன்னம் பிரைமருக்குப் பிறகு மேடும் பள்ளமுமாக நிற்பது வழக்கம்.

இனி வெட்டும் வேலை. இதில்தான் தேர்ந்த சிற்பியும் புதியவரும் பிரிகிறார்கள்.

இட்லித் தட்டின் குழியை நினைத்துப் பாருங்கள். வாய் அகலம், அடி குறுகல். ஓரம் சரிந்திருப்பதால் இட்லி நழுவி வந்துவிடுகிறது. அதே மாவைச் சொம்புக்குள் ஊற்றி வேகவைத்தால் முழுசாக எடுக்க முடியாது. வாயைவிட வயிறு பெரிதாக இருக்கும் இந்த நிலையைத்தான் அச்சுத் தொழிலில் அண்டர்கட் என்கிறார்கள். மனித உடல் முழுக்க அண்டர்கட்தான்: அக்குள், தாடைக்கு அடி, காதுக்குப் பின்புறம், பறக்கும் முடிக்கற்றைகளின் இடைவெளி. எஃகு அச்சின் இரு பாதிகள் எந்தத் திசையில் விலகுமோ அந்தத் திசையில் எதுவும் மாட்டிக்கொள்ளாதபடி உருவத்தைத் துண்டாக்க வேண்டும். ஒரு தலைமுடி மட்டுமே முன் நெற்றி, உச்சி, பின்கொத்து, இரண்டு பக்கச் சடை என்று ஐந்தாகப் பிரியலாம்.

வெட்டுக்கோடு எங்கே விழும் என்பதைச் செதுக்கத் தொடங்கும் முன்பே சிற்பி யோசித்திருக்க வேண்டும். கழுத்தைக் காலரின் அடியில் வெட்டலாம். கையைச் சட்டைக்கையின் முனையிலும், தொடையைக் காலுறை முடியும் வரம்பிலும் பிரிக்கலாம். நிறம் மாறும் இடத்தில் துண்டும் மாறினால் வண்ணம் தீட்டும் வேலையும் குறையும். வெறும் தோளின் நடுவே கோடு விழுந்தால் அதை எந்த வண்ணமும் மறைக்காது. இணைக்கும் முளையை வட்டமாகச் செய்தால் தொழிற்சாலையில் ஒட்டும்போது கை சற்றே திரும்பிவிடும். ஆங்கில ‘D’ எழுத்து வடிவிலோ சாவி வடிவிலோ செய்தால் ஒரே கோணத்தில்தான் நுழையும்.

பொருளும் வெட்டை மாற்றும். மிருதுவான பிவிசியைச் சூடு ஆறும் முன் அச்சிலிருந்து இழுத்து எடுக்கலாம். சிறிய அண்டர்கட்டை அது வளைந்து தாண்டும். ஏபிஎஸ் என்னும் இன்னொரு பிளாஸ்டிக் விறைப்பானது, தாண்டாது. வாள், பீடம் போன்றவற்றுக்கு அதுவே சரி. ஆறும்போது சுருங்கும் அளவும் வேறு. ஏபிஎஸ் அரை சதவீதம் அளவுக்குச் சுருங்கினால் மிருதுவான பிவிசி அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு சுருங்கும். 100 மி.மீ. பிவிசி துண்டு 98.5 ஆகிவிட்டால், சரியான அளவில் செய்த ஏபிஎஸ் முளை அதன் குழிக்குள் போகாது. அச்சைப் பெரிதாக்கி ஈடுகட்டுவது தொழிற்சாலையின் வேலை. முளைக்கும் குழிக்கும் இடைவெளி விடுவது சிற்பியின் வேலை. கள்ளப் பிரதிகளைக் கண்டுபிடிக்க உதவுவதும் இதே சுருக்கம்தான்: அசல் பொம்மையிலிருந்து அச்சு எடுத்தால் பிரதி சற்றுச் சிறியதாகவே வரும்.

எஃகு அச்சு விலை அதிகம். சிறிய எண்ணிக்கைக்குச் சிலிகான் அச்சும் பாலியூரிதேன் ரெசினும் போதும். கராஜ் கிட் என்று அழைக்கப்படும், வாங்குபவரே ஒட்டி வண்ணம் தீட்டும் துண்டுத் தொகுப்புகள் இப்படி வந்தவையே. அவற்றை விற்க ஜப்பானில் 1980-களின் நடுவில் தொடங்கிய ஒண்டர் ஃபெஸ்டிவல் விழாவை 1992 முதல் கையோடோ நிறுவனம் நடத்துகிறது. அமெச்சூர் சிற்பிகள் அந்த ஒரு நாள், அந்த இடத்தில் மட்டும் விற்க உரிமையாளர்களிடம் அனுமதி பெறும் ஏற்பாடு அங்கே உண்டு. சிலிகான் அச்சின் செய்முறை எளிது: உருவத்தைப் பாதிவரை களிமண்ணில் புதைத்து, சுற்றிலும் பூட்டுக்குழிகள் அழுத்தி, சிலிகான் ஊற்றுவது, இறுகியதும் திருப்பி, ஒட்டாமல் தடுக்கும் பிரிப்பான் பூசி, மறுபாதி ஊற்றுவது. பிரிப்பான் பூச மறந்தால் இரண்டு பாதியும் ஒரே கட்டியாகிவிடும். பிளாட்டினம் வகைச் சிலிகான் சரியாகக் கழுவாத, ரெசினில் அச்சிட்ட உருவங்களின்மேல் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். மூலையில் சிறு சோதனை செய்யாமல் முழு அச்சையும் ஊற்றினால் சிலிகானும் போகும், மூல உருவமும் பாழாகும். பாலியூரிதேனின் இரு பாகமும் கலந்த பிறகு இரண்டு, மூன்று நிமிடமே கையில் இருக்கும். ஈரப்பதம் பட்டால் அதிலுள்ள ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் நீருடன் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு விடும், வார்ப்பு நுரைத்துவிடும். முடியின் கூர்முனைகளில் காற்று தங்கும் என்பதால் அங்கெல்லாம் காற்றுவழி வெட்ட வேண்டும். இருபது, முப்பது வார்ப்புகளில் அச்சு கிழியத் தொடங்கும்.

பெருந்தயாரிப்பில் கண்களைக் கையால் தீட்டுவதில்லை. பொறித்த தகட்டிலிருந்து மிருதுவான சிலிகான் திண்டு மையை எடுத்து முகத்தில் அழுத்தும். நிறத்துக்கு ஒரு தடவை. அதனால் சிற்பி கண் பகுதியை வழுவழுப்பான, மெல்லிய வளைவாக விட வேண்டும். கண்குழி ஆழமானால் திண்டு அடிவரை தொடாது.

கடைசியாகக் கணுக்கால். ஒற்றைக் காலில் நிற்கும் துள்ளலான நிலை படத்தில் அழகு. ஆனால் மொத்த எடையும் வாங்கிக்கொள்ளும் இடம் அதுதான். மிருதுவான பிவிசி நீண்டநாள் சுமையில் மெல்ல மெல்ல வளையும், சூட்டில் இன்னும் வேகமாக. சென்னையின் மே மாத வெயில் படும் சன்னலோர அலமாரி அதற்குப் போதுமானது. வட்டத் தண்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 6 மி.மீ. கணுக்காலை 7 மி.மீ. ஆக்கினால் விறைப்பு கிட்டத்தட்ட 1.85 மடங்கு. கண்ணுக்குப் புலப்படாத ஒரு மில்லிமீட்டர் பல ஆண்டு ஆயுளைத் தரும். அதற்கும் இடமில்லாவிட்டால் காலுக்குள் எஃகுக் கம்பி, இல்லையேல் முதுகுப்பக்கம் மறைத்த தாங்கி. எடை மையம் பாதத்துக்கு நேர்மேலே வருகிறதா என்பதை முதல் களிமண் நிலையிலேயே தூக்குநூல் பிடித்துப் பார்க்கலாம்.

சாய்ந்துவிட்டதை ஓரளவு நிமிர்த்தவும் முடியும். காலைப் பீடத்திலிருந்து கழற்றி, 70 டிகிரி அளவுள்ள வெந்நீரில் ஒரு நிமிடம்போல அமிழ்த்தினால் பிவிசி இளகும். நேராக்கி, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த நீரில் ஆறவிட வேண்டும். பாதியில் கையை எடுத்தால் பழைய வளைவுக்கே திரும்பிவிடும்.