பேப்பரில் பொய் இல்லை, சரி. செய்தி இருக்கிறதா?

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் இரண்டு நாளிதழ்களை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். "ரெண்டு பேப்பர்லயும் ஒரே மாதிரி எழுதியிருக்கான் தம்பி. அப்ப நிஜமாத்தானே இருக்கும்?"

வாங்கிப் பார்த்தேன். வேட்பாளர் வீதி வீதியாகப் போனாராம், பெண்கள் ஆரத்தி எடுத்தார்களாம், வெற்றி உறுதி என்று மக்களே பேசிக்கொண்டார்களாம். வரி பிசகாமல் இரண்டிலும் ஒன்றே. மூன்றாவது பத்தியில் விடுபட்ட ஒற்றெழுத்துகூட இரண்டிலும் அதே இடத்தில் விடுபட்டிருந்தது. இரண்டு நிருபர்கள் தனித்தனியாக எழுதினால் இப்படி அமையவே அமையாது. ஒரே கையிலிருந்து இரண்டு அலுவலகத்துக்கும் போனது அது. தேர்தலுக்குத் தேர்தல் இதையே பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

பெரியவர் விடவில்லை. "ஆனா அதுல பொய் ஒண்ணும் இல்லையே?" படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். பொய் எழுதினால்தான் பத்திரிகை ஒரு பக்கம் சாய்கிறது என்று ஒரு எண்ணம். நான் வட்டார நிருபராக இருந்து, இப்போது மாவட்டப் பக்கங்களுக்கு டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவன். ஒரு பொய் வார்த்தை இல்லாமல் ஒருவரைத் தூக்கிவிடவும் முடியும், இன்னொருவரைக் காணாமல் அடிக்கவும் முடியும்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு ஒரு வேட்பாளர் ஓட்டுக் கேட்டுப் போகிறார் என்று வையுங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று நிறுத்திவைத்த நெல் மழையில் முளைத்துக் கிடக்கிறது. விவசாயிகள் அவரைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்கிறார்கள், அவர் பதில் சொல்லாமல் வண்டி ஏறுகிறார். மறுநாள் தலைப்பு: 'விவசாயிகளிடம் வாக்கு சேகரித்தார்'. படத்தில் மூட்டைகள் வெட்டப்பட்டு, கும்பிட்ட கை மட்டும் இருக்கிறது. இதில் எது பொய்? ஒன்றுமே இல்லை. ஆனால் அங்கே நடந்தது செய்தியில் இல்லை.

வினைச்சொல்லையும் பாருங்கள். ஒருவர் 'உறுதியளித்தார்', இன்னொருவர் அதே வாக்குறுதியைக் 'கூறிக்கொண்டார்'. ஒருவருடைய கூட்டத்தை மேடையிலிருந்து படம் எடுத்திருப்பார்கள், மற்றவருடைய கூட்டத்தைக் காலி நாற்காலி பக்கமிருந்து. ஒருவருக்கு மூன்று பத்தி அகலத்துக்குத் தலைப்பு, கடைமடைக்குத் தண்ணீர் வராததைப் பேசிய சுயேச்சைக்கு ஒரு வரிகூடக் கிடையாது. சாய்வில் பெரும்பகுதி இந்த வராத வரியில்தான் இருக்கிறது. அச்சில் வந்ததை மட்டும் படிப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊர்ப்புற நிருபர்கள் பலருக்குச் சம்பளம் என்று பெரிதாக எதுவும் இல்லை, விளம்பரக் கமிஷன்தான் வருமானம். வேட்பாளரிடம் விளம்பரம் வாங்கப் போகிறவரும் அவரைப் பற்றிச் செய்தி எழுதுகிறவரும் ஒரே ஆள். அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. இப்படி ஏற்பாடு செய்து வைத்திருக்கும் நிர்வாகங்களைத்தான் கேட்க வேண்டும்.

பணப் பட்டுவாடா புகாரால் 2016 மே மாதம் தஞ்சாவூர் தொகுதித் தேர்தலே நின்று, நவம்பரில் நடந்தது. வாக்காளர் கைக்குப் போன பணத்துக்கு அவ்வளவு நடவடிக்கை. காசு வாங்கிச் செய்தி போடுவதோ இன்னும் தேர்தல் சட்டத்தில் தனிக் குற்றமாகவே இல்லை. அந்தத் தொகையை வேட்பாளரின் செலவுக் கணக்கில் ஏற்றலாம், அவ்வளவுதான். அதுவும் சின்ன விஷயமில்லை. உத்தரப் பிரதேசத்தில் பிசௌலி தொகுதி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ், 2007 தேர்தலில் செய்தி வேஷத்தில் வந்த விளம்பரச் செலவைக் கணக்கில் காட்டாததற்காக 2011-ல் 3 ஆண்டு தகுதி நீக்கம் செய்யப்பட்டார்.

அதனால் தயவுசெய்து ஒரே பேப்பரோடு நிற்காதீர்கள். டீக்கடையில் நாலு பேப்பர் கிடக்கிறது, இன்னொன்றையும் புரட்டுங்கள். செய்தியில் கேள்வி கேட்ட ஆள் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். எதிர்க்குரலே இல்லாமல் புகழ் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். குற்ற வழக்கு உள்ள வேட்பாளர் அதை நாளிதழில் 3 முறை வெளியிட்டாக வேண்டும். பொடி எழுத்தில் ஒரு மூலையில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டாவது படியுங்கள். சொத்தும் வழக்கும் சொல்லும் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளிடம் போனைக் கொடுத்து எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

அப்புறம், பெரியவர் கொண்டுவந்ததுபோல ஒரே செய்தி இரண்டு இடத்தில் கண்ணில் பட்டால் தூக்கிப் போடாதீர்கள். முழுப் பக்கத்தையும் தேதியோடு எடுத்து வைத்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவிடம் கொடுங்கள். எங்கே கொடுப்பது என்று தெரியாவிட்டால் வாக்காளர் உதவி எண்ணான 1950-க்குப் போன் போட்டுக் கேளுங்கள். புகார் கொடுக்க நீங்கள் எந்தக் கட்சிக்காரராகவும் இருக்க வேண்டியதில்லை.