கலங்கல் கசிவைக் கண்டவர் யாரிடம் சொன்னார்?

கொள்ளிடத்தில் லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் போகும் ஓர் இரவு என்று வைத்துக்கொள்வோம். கரையைக் காக்க ராணுவத்தின் ஒரு செக்‌ஷன், பத்துப் பேர், வந்திருக்கிறார்கள். கரையின் வெளிச்சரிவில் தண்ணீர் கசிவதை ஒருவர் பார்க்கிறார். கசிவு தெளிவாக இருந்தால் கண்காணித்துக்கொண்டே இருக்கலாம். கலங்கலாக வந்தால் உள்மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். இது புரிந்தவருக்குத்தான் மேலே உள்ள முக்கொம்பு அணையிலிருந்து இன்னும் தண்ணீர் வந்தால் எந்த இடம் உடையும், எந்தத் தெருவை முதலில் காலி செய்ய வேண்டும் என்பதும் தெரியும்.

பார்ப்பது, புரிந்துகொள்வது, அடுத்து வரப்போவதைக் கணிப்பது. இந்த மூன்று படிகளும் சேர்ந்ததே சூழல் விழிப்புணர்வு என்று அமெரிக்க ஆய்வாளர் மைக்கா எண்ட்ஸ்லி 1995இல் வகுத்தார். இதை எப்படி அளப்பது?

பயிற்சி முடிந்ததும் வீரரையே மதிப்பெண் போட்டுக்கொள்ளச் சொல்வது சுலபமான வழி. டெய்லர் என்பவர் 1990இல் உருவாக்கிய ‘சார்ட்’ அளவுகோல் இந்த வகை. பத்துத் தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஏழு வரை. செலவில்லை, வெட்டவெளியிலும் செய்யலாம். ஆனால் கசிவைப் பார்க்கத் தவறியவருக்குத் தான் தவறவிட்டதே தெரியாது. அவர் நிம்மதியாக ஏழு போடுவார். அங்கே அளக்கப்படுவது அவருடைய தன்னம்பிக்கை.

அதனால் எண்ட்ஸ்லி 1988இலேயே போர் விமானிகளுக்காக ‘சாகாட்’ என்ற முறையைக் கொண்டுவந்திருந்தார். சிமுலேட்டரில் பாவனைப் பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே, யாரும் எதிர்பாராத ஒரு நொடியில் அதை நிறுத்திவிடுவார்கள். திரைகள் வெறுமையாகும். எதிரி எங்கே, நம்மவர்கள் எங்கே, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்டு, பதில்களைக் கணினியில் பதிவான உண்மை நிலையோடு ஒப்பிடுவார்கள். கேள்விகள் கண்டபடி எழுதப்படுவதில்லை. அந்தப் பொறுப்பில் இருப்பவர் எடுக்க வேண்டிய முடிவுகளை ஆராய்ந்து, அவற்றுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதையே கேட்பார்கள். நடுவில் நிறுத்தினால் பயிற்சி கெடாதா? எண்ட்ஸ்லியின் சோதனைகளில் அப்படிக் கெட்டதாகத் தெரியவில்லை.

சிதறி நிற்கும் பத்துப் பேரை நிஜ மண்ணில் ஒரே நொடியில் நிறுத்துவது கடினம். அங்கே வேலை நடக்கும்போதே வயர்லெஸ்ஸில் கேள்வி கேட்டு, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கலாம். அனுபவமுள்ள ஒருவர் கூடவே நின்று, தலைவர் தகவல் கேட்டு வாங்குகிறாரா, மேலே அனுப்புகிறாரா என்று மதிப்பெண் இடுவதும் உண்டு. தரைப்படையில் சில செக்‌ஷன்கள் சேர்ந்த பிளட்டூனின் தலைவர்களுக்கென்று அப்படி ஓர் அளவுகோலே இருக்கிறது.

சிறு அணியில் பத்துப் பேரின் மதிப்பெண்ணையும் கூட்டிச் சராசரி எடுப்பதில் அர்த்தமில்லை என்பது என் உறுதியான எண்ணம். படகோட்டிக்கு நீரோட்டமும் தண்ணீருக்குள் மறைந்த வேலியும் தெரிய வேண்டும். வயர்லெஸ்காரருக்கு அது அத்தனை அவசியமில்லை. கலங்கல் கசிவோ, கண்டவருக்கும் தலைவருக்கும் ஒருசேரத் தெரிந்தாக வேண்டும். கண்டவர் சொல்லாவிட்டால் அவருக்கு முழு மதிப்பெண், அணிக்குப் பூஜ்யம். ஆகவே ஒரே கேள்வியை இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, உண்மையோடும் ஒன்றோடொன்றும் ஒப்பிட வேண்டும். இருவரும் ஒரே தவறான விடையைச் சொன்னால் அதுதான் மிகப் பெரிய ஆபத்து: ஒருவர் மற்றவரைத் திருத்த வழியே இல்லை.

டெல்டாவில் வடகிழக்குப் பருவமழைக்கு முன் நடத்தும் வெள்ள மீட்பு ஒத்திகைகளுக்கும் இது பொருந்தும். நடுவில் ஒருமுறை நிறுத்தி, எல்லோரையும் கரைக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லி, நாலே கேள்விகள் கேட்கலாம்: கசிவு எங்கே, தெளிவா கலங்கலா, மணல்மூட்டை எத்தனை மீதி, அடுத்த ஒரு மணி நேரத்தில் எந்தப் பாதை மூழ்கும்? சரியான விடைகளை முன்கூட்டியே எழுதித் தரும் பொறுப்பை, அந்தக் கரையிலேயே நடந்து பழகிய லஸ்கரிடம், அதாவது ஆற்றையும் கரையையும் கவனிக்கும் அரசுப் பணியாளரிடம், கொடுக்க வேண்டும்.